கடைசி வீட்டுக்கு மாடு மட்டும் போதாது

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஊருக்கென்று நாம் சேர்த்த நிதியில் மீதம் இருக்கிறது, அதை என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். ஊர் எல்லையில் அலங்கார வளைவு கட்டலாம் என்றார் ஒருவர். கோயில் கொடைக்குக் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி எழுந்து, "ஊரிலேயே ஏழையான குடும்பத்துக்கு ஒரு மாடு வாங்கிக் கொடுத்துவிடுவோம், பிழைத்துக்கொள்வார்கள்" என்றார். அந்தத் தம்பியின் நல்ல மனத்தை நான் பாராட்டுகிறேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு வாசலில் கட்டியிருந்த ஒரு மாடு நினைவுக்கு வந்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மாட்டைப் பற்றிப் பேசத்தான் இன்று தலைவரிடம் நேரம் கேட்டு வாங்கினேன்.

லோன் மாடு

1983ஆம் ஆண்டு. நெல்லைச் சீமையில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று 1978-79இல் தொடங்கி, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் வந்திருந்தது. விவசாயக் கூலிக்கு மாட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கு மானியம், மிச்சம் வங்கிக் கடன். ஊரில் அதற்கு வைத்த பெயர் "லோன் மாடு".

எங்களுக்கும் ஒரு லோன் மாடு வந்தது. மேலப்பாளையம் சந்தையில் தரகர் காட்டியபோது மடி நிறையப் பால் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அதில் பாதிகூட இல்லை. எங்களுக்கு நிலம் இல்லை, ஆகவே வைக்கோல் இல்லை. புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் காசு கொடுத்து வாங்கவேண்டும். மாட்டைப் பார்த்துக்கொள்ள அம்மா வீட்டில் இருந்தால் அவள் கூலி போய்விடும். கூலிக்குப் போனால் மாடு பட்டினி. கோடையில் பால் வற்றியது. காய்ச்சல் கண்டபோது மருந்தகம் எட்டு மைல் தூரத்தில் இருந்தது. சாகுமுன் விற்றுவிடலாம் என்று அடிமாட்டு விலைக்கு விற்றோம். மாடு போய்விட்டது, கடன் போகவில்லை. அம்மாவின் கம்மலை அடகு வைத்துத் தவணை கட்டினார் அப்பா. 1985இல் பதினேழு வயதில் நான் தாதர் எக்ஸ்பிரசில் ஏறி இந்தப் பம்பாய்க்கு வந்ததற்கு அந்த மாட்டுக் கடன்தான் காரணம்.

தோழர்களே, இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. இங்கே தலையாட்டுகிற பெரியவர்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் நான் சொல்ல வந்த கதை இன்னும் முடியவில்லை. எங்கள் தெருவில் கடைசி வீடு ஒரு பெரியம்மாவின் வீடு. கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அவளுக்கு லோன் மாடுகூடக் கிடைக்கவில்லை. ஜாமீன் போட ஆள் இல்லை, கையெழுத்துப் போடத் தெரியாது, ரேஷன் கார்டில் பெயர் இல்லை. கடன் பட்டுக் கெட நாங்கள் இருந்தோம். அவளுக்குக் கடன் படும் தகுதிகூட இல்லை! நாங்களாவது ரயில் ஏறினோம். அவள் வீட்டில் ரயில் கட்டணத்துக்குக் கைமாற்றுக் கொடுக்க ஒருவரும் இல்லை.

இந்த மன்றத்தில் இருக்கும் நாம் யார்? ஏழைகள்தாம். ஆனால் ஊரின் கடைசி ஏழைகள் அல்ல. கடைசி வீட்டுக்காரர்கள் இங்கே வந்து சேரவே இல்லை. நாம் அனுப்பும் பணமும் அந்த வீட்டு வாசலைத் தொடுவதில்லை.

வங்கத்தில் கண்ட வழி

அப்படியானால் கடைசி வீட்டைக் கைதூக்கிவிட வழியே இல்லையா? இருக்கிறது. அது முதலில் உருவான இடம் நமக்குப் பக்கத்து நாடான வங்கதேசம்.

அந்த நாட்டின் வடக்கே ரங்பூர் வட்டாரம். அங்கே புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் ஒரு பசிக்காலம் வருவது வழக்கமாக இருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "மொங்கா". நடவு முடிந்திருக்கும், அறுவடை வந்திருக்காது, இடையில் கூலி வேலையே இருக்காது. உண்பதைக் குறைப்பார்கள், முன்பணம் வாங்கி வரப்போகும் உழைப்பை மலிவாக விற்பார்கள். 1972இல் பசலே ஹசன் அபேத் தொடங்கிய பிராக் என்னும் நிறுவனம் கிராமத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துச் சிறுகடன் கொடுத்துவந்தது. ஆண்டுகள் போகப் போக அவர்களே ஓர் உண்மையைக் கண்டார்கள். மிகமிக ஏழையான பெண்கள் கடன் குழுவில் சேரவே இல்லை. திருப்பிக் கட்ட முடியாது என்று அவர்களே ஒதுங்கினார்கள். மற்றப் பெண்களும் அவர்களைச் சேர்க்கத் தயங்கினார்கள். நம் பெரியம்மாவின் கதைதான் அங்கேயும்.

ஆகவே 2002இல் அவர்களுக்கென்று தனியாக ஒரு திட்டம் தொடங்கினார்கள். கடன் இல்லை, மானியம். ஆனால் மாட்டை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. ஐந்து காரியங்களைச் சேர்த்துச் செய்தார்கள்.

முதலாவது, ஆடு, மாடு, கோழி, சிறு வியாபாரம் என்று ஒரு பிழைப்புக்கான பொருள். இரண்டாவது, அது வருமானம் தரும்வரை வயிற்றுக்குக் கொஞ்சம் உதவித்தொகை. இதைக் கவனியுங்கள், தாய்மார்களே! பசித்த வீட்டில் ஆடு நின்றால் அது எத்தனை நாள் நிற்கும்? அரிசிக்காக விற்றுவிட மாட்டோமா? அதைத் தடுக்கத்தான் இந்த உதவித்தொகை. மூன்றாவது, வளர்க்கக் கற்றுக்கொடுப்பது, நோய் வந்தால் மருத்துவம். நான்காவது, சிறுசேமிப்பு. ஐந்தாவது, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஒருவர் தவறாமல் வீட்டுக்கு வந்து, ஆடு எப்படி இருக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, கையில் காசு இருக்கிறதா என்று கேட்டுத் துணைநிற்பது.

எங்கள் லோன் மாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஐந்தில் எங்களுக்கு வந்தது ஒன்றே ஒன்று, மாடு. அதுவும் கடனாக. வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தவர் ஒருவர்தான். அவர் தவணை கேட்க வந்தவர்!

முர்ஷிதாபாத்தில் நடந்தது

நம் நாட்டில் இதை முதலில் செய்துபார்த்த இடங்களில் ஒன்று மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டம். பந்தன் என்னும் நிறுவனம் 2007ஆம் ஆண்டை ஒட்டி அங்கே இதை எடுத்துச் செய்தது. யார் கடைசி வீடு என்று அதிகாரி முடிவு செய்யவில்லை. ஊராரே ஒன்றுகூடித் தரையில் ஊரின் படம் வரைந்து, எந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று பிரித்தார்கள். பிறகு ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தார்கள். 120 குக்கிராமங்களில் 978 குடும்பங்கள் தேர்வாயின. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு உதவி என்று சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால்தானே பலன் தெரியும்? கால்நடையோ வியாபாரச் சரக்கோ ஏறக்குறைய 4,500 ரூபாய்க்கு, இடைக்காலத்தில் வாரம் 90 ரூபாய் உதவி, வாரம் 10 ரூபாய் சேமிப்பு, பதினெட்டு மாதம் வாராந்திரக் கூட்டம் என்று நடந்தது.

இதில் என்னை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. இலவசமாகத் தருகிறோம் என்று சொல்லியும், ஏறக்குறையப் பாதிக் குடும்பங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன! ஏன்? பயம். இதில் ஏதோ சூது இருக்கிறது, மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று சில ஊர்களில் பேச்சு. வாழ்நாள் முழுவதும் ஏமாற்றப்பட்டவர்கள் நீட்டிய கையைச் சட்டென்று பற்றிக்கொள்ள மாட்டார்கள். இலவசம் என்றதும் ஏழை ஓடிவருவான் என்று வயிறு நிறைந்தவர்கள் பேசுகிறார்களே, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பெற்றுக்கொண்டவர்கள் என்ன ஆனார்கள்? நன்றாக உண்டார்கள், வருமானம் கூடியது. இதை ஆராய்ந்தவர்களில் இருவர் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும். பானர்ஜி நம் மும்பையில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர். இருவரும் 2019இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் குடும்பங்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2021இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். முதல் ஏழு ஆண்டுகள் பலன் கூடிக்கொண்டே போனது. பத்தாம் ஆண்டிலும் மங்கவில்லை. அது ஏன் நிலைத்தது என்று தேடியபோது, ஆட்டையும் மாட்டையும் தாண்டி இன்னொரு காரணமும் கிடைத்தது. உதவி பெற்ற குடும்பங்களிலிருந்து வெளியூர் போய், கூடுதல் கூலி கிடைக்கும் வேலைகளில் சேர்வது மற்றவர்களைவிட எளிதாக இருந்தது.

தோழர்களே, இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் யார்? ஊரைவிட்டுக் கிளம்பக் கட்டணம் வேண்டும். கிளம்பியவன் முதல் சம்பளம் அனுப்பும்வரை வீட்டில் அடுப்பு எரியவேண்டும். மூன்று மாதம் வேலை கிடைக்காமல் திரும்பிவந்தாலும் குடும்பம் கவிழக்கூடாது. இந்த மூன்றும் இல்லாதவன் ஊரிலேயே கிடந்து, கொடுத்த கூலியை வாங்கிக்கொள்கிறான். வாசலில் நான்கு ஆடு நின்றால், அவன் வீட்டில் ஒருவன் துணிந்து ரயில் ஏறுவான். ஏறாமல் ஊரிலேயே இருந்தாலும், பண்ணையாரிடம் "இந்தக் கூலிக்கு வரமுடியாது" என்று சொல்வான். அப்படிச் சொல்லும் தெம்பைத்தான் நான் விடுதலை என்கிறேன்.

தோற்ற இடங்களும் உண்டு

இதை மந்திரக்கோல் என்று நான் சொல்ல வரவில்லை. தோற்ற இடங்களையும் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் இதைச் செய்துபார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான நாடுகளில் உதவி நின்று ஓராண்டு ஆன பிறகும் பலன் இருந்தது. ஹோண்டுராசில் கொடுத்த கோழிகள் நோயில் செத்தன. அங்கே குடும்பங்களின் கையில் சொத்து நிற்கவில்லை.

நம் பக்கத்திலேயே, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டத்தில் இதே மாதிரி செய்த இன்னொரு முயற்சியில் நிகரப் பலன் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அங்கே கூலி உயர்ந்துகொண்டிருந்தது. கால்நடை பெற்றவர்கள் கூலி வேலை நேரத்தைக் குறைத்து அதைப் பார்த்துக்கொண்டார்கள். பெறாதவர்கள் கூலியில் அதே அளவு சம்பாதித்துவிட்டார்கள். பலர் கால்நடையை விற்றுப் பழைய கடனை அடைத்தார்கள். இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, அந்த ஊருக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஆடு என்று போகக்கூடாது. மற்றொன்று, கந்துவட்டி கழுத்தை நெரிக்கும் வீட்டில் முதலில் அந்தக் கயிற்றைத் தளர்த்தவேண்டும்.

வங்கதேசத்துக் குடும்பங்களை நீண்டகாலம் ஆராய்ந்தவர்கள் வேறொன்றும் சொல்கிறார்கள். ஒரு குடும்பத்தின் கையிருப்பு ஒரு மட்டத்தைத் தாண்டினால் அது மேலே மேலே ஏறுகிறது. தாண்டாவிட்டால், கொடுத்ததும் கரைந்து பழைய பள்ளத்துக்கே திரும்புகிறது. பள்ளத்தில் சிக்கிய வண்டியை ஆளுக்கொரு நாள் ஆளுக்கொரு பக்கம் தள்ளினால் ஏறுமா? எல்லாரும் ஒரே நேரத்தில், மேட்டைத் தாண்டும்வரை தள்ளவேண்டும். பத்து வீட்டுக்கு ஆளுக்கொரு சேலை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது தள்ளுவது ஆகாது.

அரசுகள் என்ன செய்கின்றன?

இது தனியார் நிறுவனங்கள் மட்டும் செய்யும் காரியமா? இல்லை. பீகார் அரசு 2018 ஆகஸ்டில் ஜீவிகா என்னும் மகளிர் குழு அமைப்பின் மூலம் இதையே தொடங்கியது. 2016இல் அங்கே மதுவிலக்கு வந்தபோது கள், நாட்டுச் சாராயத் தொழிலை இழந்த குடும்பங்களும், மிக ஏழைகளான தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பங்களும் அதில் முதலில் சேர்க்கப்பட்டார்கள். கடையோ கால்நடையோ தொடங்க 20,000 ரூபாய், அது கால் ஊன்றும்வரை மாதம் ஆயிரம் ரூபாயாக ஏழு மாதம். யார் கடைசி வீடு என்று சொன்னவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள். இன்று பீகாரிலிருந்து நம் திருப்பூருக்கும் சென்னைக்கும் தொழிலாளர்கள் வருகிறார்கள். அன்று நாம் இங்கே மூட்டையோடு வந்து இறங்கியபோது நம்மை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதை மறக்காதவர்கள், ஊருக்குப் போகும்போது அவர்களை அப்படிச் சொல்லக்கூடாது.

கேரள அரசு 2021 முதல் கணக்கெடுத்து 64,006 குடும்பங்களை மிக ஏழைகள் என்று அடையாளம் கண்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம் போட்டது. பலருக்கு முதலில் தேவைப்பட்டது பணமே அல்ல, ரேஷன் கார்டும் ஆதாரும்தான்! 2025 நவம்பர் 1 அன்று தீவிர வறுமை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கு சரியா, விடுபட்டவர்கள் இல்லையா என்று கேட்டவர்களும் உண்டு. கேட்கட்டும், கேட்பது நல்லது. ஆனால் பெயர் பெயராக எழுதிவைத்தால்தான் விடுபட்ட பெயர் எது என்றாவது கேட்கமுடியும்.

தமிழக அரசும் 2024 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில், மிக ஏழைகளான 5 இலட்சம் குடும்பங்களை இரண்டு ஆண்டுகளில் கைதூக்கிவிடத் தாயுமானவர் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது. நல்ல பெயர். அந்த 5 இலட்சத்தில் நம் ஊர்க் கடைசி வீடு இருக்கிறதா? கிராம சபையில் எழுந்து கேட்டவர் யார்? விடுமுறையில் ஊருக்குப் போகும் நாம், கொடைக்கு எத்தனை மேளம் என்று கேட்கிறோம். இதைக் கேட்டிருக்கிறோமா?

நாம் செய்யக்கூடியது

இப்போது அந்தத் தம்பியின் யோசனைக்கு வருகிறேன். கொடுப்போம், ஆனால் இப்படிக் கொடுப்போம். ஒரு ஊர், ஒரே வீடு, இரண்டு ஆண்டு. அந்த ஊர்க்காரர்கள் இங்கே முப்பது பேர் இருந்து, ஆளுக்கு மாதம் 100 ரூபாய் போட்டால், இரண்டு ஆண்டில் 72,000 ரூபாய். அதைப் பிரித்துக்கொள்வோம். ஆடோ, தையல் எந்திரமோ, பெட்டிக்கடையோ, அந்த வீட்டுப் பெண்ணே தேர்ந்தெடுக்கட்டும். முதல் ஆறேழு மாதம் அடுப்புக்கு மாதாமாதம் ஒரு தொகை. மிச்சத்தை மருத்துவத்துக்கும் எதிர்பாராத இழப்புக்கும் தொடாமல் வைப்போம். மகளிர் குழுவில் படித்த பெண் ஒருத்தி வாரம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வரட்டும், அவளுக்கும் ஒரு தொகை கொடுப்போம். ரேஷன் கார்டு, விதவை உதவித்தொகை போன்ற உரிமைகளுக்கு மனு எழுதுவது நம் சங்கத்துப் படித்த பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். அது யார் வீடு என்பதை ஊர்ப் பெண்கள் கூடிச் சொல்லட்டும். நம் உறவுக்காரர் வீடு, நம் சாதிக்காரர் வீடு என்று இங்கிருந்து ஒருவரும் சீட்டு அனுப்பக்கூடாது. ஊரின் கடைசி வீடு பெரும்பாலும் நாம் கொடைக்கு வரி கேட்காத தெருவில்தான் இருக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

இதோடு அரசின் கடமை தீர்ந்துவிடாது. முப்பது பேர் ஒரு வீட்டைத் தூக்கலாம், இலட்சக்கணக்கான வீடுகளை அரசுதான் தூக்கவேண்டும். நாம் ஒரு வீட்டில் செய்துகாட்டினால், "ஏன் எல்லா வீட்டுக்கும் செய்யவில்லை?" என்று கேட்க நமக்கு வாய் இருக்கும்.

கடைசியாக ஒன்று. போன ஆண்டு ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கடைசி வீட்டில் இப்போது அவள் இளைய மகள் இருக்கிறாள். கூரைக்குத் தகரம் போட்டிருக்கிறது, மற்றது எல்லாம் அப்படியே. என்னைப் பார்த்ததும், "அண்ணே, பம்பாயில் எங்க பையனுக்கு ஏதாவது வேலை இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். "எப்போ அனுப்புற?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அவன் கூலியை நிறுத்திட்டா வீட்டில் அரிசிக்கு என்ன செய்ய?" என்றாள்.

நாற்பது ஆண்டுகளாக நாங்கள் அந்தத் தெருவுக்குப் பணம் அனுப்புகிறோம், தோழர்களே. அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் நான் வந்தேன். இந்தக் கூட்டம் இன்று ஒரு முடிவு எடுத்தால், அடுத்த முறை பதிலோடு போவேன். என் முதல் 100 ரூபாயைப் பொருளாளரிடம் கொடுத்து அமர்கிறேன்.